இருபத்தெட்டு அங்குலம்

அந்தக் கொத்தனாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு வெளியே அது புழங்கவில்லை. வேலைத்தலத்திலும் சபையிலும் தெருவிலும் அவர் 'ரசமட்டம்'தான். சுவரின்மேல் வைத்து மட்டம் பார்க்கும் அந்தக் கருவியில் கையடக்கமான ஒன்று எந்நேரமும் அவருடைய சட்டைப்பையில் இருக்கும். கண்ணாடிக் குழலுக்குள் மிதக்கும் குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வந்து நின்றால்தான் அவருக்கு மனம் அடங்கும். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டு மேசையின்மேல் அதை வைத்துப் பார்த்திருக்கிறார். பேருந்து நிறுத்தத்து இருக்கையில் வைத்துப் பார்த்திருக்கிறார். கல்யாணத்தன்று தாம் முழங்காலிட்ட பலகை ஒரு பக்கம் தாழ்ந்திருப்பதை ஆயரின் காதில் சொன்னார். "முதல்ல பொண்ணு கையைப் பிடிங்க தம்பி. பலகையை அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஆயர் சொன்ன பதில் மூன்றாம் வரிசைவரை கேட்டுவிட்டது. பட்டப்பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

"ஒரு நாள் என் தலையிலயே அதை வெச்சுப் பாத்தாருங்க" என்று அவர் மனைவி சொல்வதுண்டு. "என்ன காட்டுதுன்னு கேட்டேன். கொஞ்சம் சாய்வுதான், ஆனா என் பக்கமாச் சாய்ஞ்சிருக்கு, பரவாயில்லைன்னாரு." அந்த அம்மாள் மருத்துவமனையில் வார்டு உதவியாளர். நோயாளிகளைத் தூக்கி உட்கார வைப்பதும் திருப்பிப் படுக்க வைப்பதுமாக இருபது ஆண்டுகள் ஓடியிருந்தன. வாயும் ஓயாது, கையும் ஓயாது.

இருபத்திரண்டு ஆண்டுகள் பிறருக்கு வீடு கட்டிய பிறகு கொத்தனார் தமக்கென ஒன்று கட்டினார். சிறிய வீடுதான். ஆனால் முகப்பின் ஓரத்தில் மாடிக்கு ஏறும் படிக்கட்டு ஒன்றை அமைத்தார் பாருங்கள், அதுதான் பேச்சாகிவிட்டது. தாங்கி நிற்கத் தூண் கிடையாது. மாடிச் சுவரிலிருந்து புறப்பட்டு, அரை வட்டமாகச் சுழன்று, இறங்க இறங்க அகன்று, கடைசிப் படியில் பாவாடை விரிந்தாற்போல் விரிந்து தரையைத் தொடும். யாருடைய வரைபடத்தையும் பார்த்துக் கட்டியதன்று. அவர் மனத்தில் இருந்தது. வீடு கட்ட நினைப்பவர்கள் வந்து அதை ஏறி இறங்கிப் பார்ப்பார்கள். பார்த்த கையோடு வேலையை அவரிடமே ஒப்படைப்பார்கள். "சமையலறைக்கு ரெண்டாவதா ஒரு சன்னல் கேட்டேன். சன்னல் போச்சு, படி வந்துச்சு" என்று குறைப்பட்டுக்கொண்டே, வருகிறவர்களுக்கு முதலில் படியைக் காட்டுகிறவளும் அவர் மனைவியே.

அந்தப் படிக்கட்டை ஒட்டி ஒரு சந்து உள்ளே போகும். ஒரு புறம் கொத்தனாரின் படியும் சுவரும். மறு புறம் ஒரு கிடங்கின் உயர்ந்த மதில். சந்தின் கோடியில் ஒரே ஒரு வீடு. இருபத்தாறு ஆண்டுகள் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவரும் அவர் மனைவியும் அங்கே இருந்தார்கள். டிரைவர் பெரிய உருவம், பெரிய குரல். சபையில் அவர் பாடினால் மற்றவர்கள் வாயசைத்தால் போதும்.

பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவரின் வலப்பக்கம் அப்படியே விழுந்துவிட்டது. உயிர் தப்பியது, கால் திரும்பவில்லை. சபையார் சேர்ந்து ஒரு சக்கர நாற்காலி கொண்டுவந்து கொடுத்தார்கள். மடித்து உள்ளே வந்த நாற்காலி, விரித்தபின் வெளியே போகவில்லை. கொத்தனாரின் கடைசிப் படி விரிந்து நிற்கும் இடத்தில் சந்து குறுகியிருந்தது. ஒருமுறை மருத்துவரிடம் போக வேண்டியிருந்தபோது, முன்னே ஒருவரும் பின்னே ஒருவருமாக அவரை மர நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். குறுகலான இடத்தில் முன்னால் போனவர் தடுமாற, டிரைவரின் முழங்கை மதிலில் தேய்ந்து தோல் உரிந்தது. "நான் மூட்டை இல்லடா" என்றார் அவர். அதோடு சரி. அதன்பின் யாரையும் தூக்கவிடவில்லை. மருத்துவர்தான் வீட்டுக்கு வந்துபோனார்.

அவருக்கு இருந்த ஆசையோ மிகச் சிறியது. சந்தைத் தாண்டி ஐம்பதடி நடந்தால் தெருமுனை. அங்கே பேருந்து நிறுத்தம். அங்கே உட்கார்ந்து வண்டிகள் போவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது அவற்றைக் காதால் பார்த்துக்கொண்டிருந்தார். கியர் மாறும் ஓசையை வைத்தே எந்த வண்டி, ஓட்டுகிறவர் யார் என்று சொல்லிவிடுவார்.

கொத்தனாருக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். ஆனால் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சந்தின் பக்கம் பார்க்காமல் கிளம்பப் பழகியிருந்தார். 'என் இடத்தில் நான் கட்டினேன்' என்ற ஒரு வாக்கியம் அவருக்குள் எப்போதும் தயாராக இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை என்பதுதான் உறுத்தல்.

அவர்களுடைய சபை சின்னது. நாற்பது பேர் வந்தால் நிறைந்துவிடும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையாரில் ஒருவர் கால் மணி நேரம் பேசுவார். ஒரு மாதத்துக்கு முன்பே அவருக்கு ஒரு வேதபகுதி கொடுக்கப்படும். பிரசங்கம் செய்யக்கூடாது, தம் தொழிலை வைத்துத்தான் அந்தப் பகுதியைப் பேச வேண்டும். முடிவில், 'இதற்காக இந்த வாரம் நான் இன்னது செய்வேன்' என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். அது கதவருகே இருக்கும் கரும்பலகையில் ஏறும். செய்து முடித்தேன் என்று அவரே எழுந்து சொல்லும்வரை அழிக்கப்படாது. எழுதுவதும் அழிப்பதும் ஓய்வுபெற்ற அலுவலக எழுத்தர் ஒருவரின் பொறுப்பு. அவரைப் 'பலகையார்' என்பார்கள். தையற்காரர் ஒருவரின் வாக்கு ஏழு வாரம் பலகையில் நின்றதும், எட்டாம் வாரம் அவர் பின்வாசல் வழியாக ஆராதனைக்கு வந்ததும் சபையின் வரலாறு.

கொத்தனாருக்கு வந்த பகுதி, கைகால் விழுந்த திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து, கூட்டத்தின் காரணமாக உள்ளே நுழைய முடியாமல், வீட்டின் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய சம்பவம். அவருக்கு இது அல்வா போல் கிடைத்தது. ஒரு மாதம் முழுவதும் குறிப்பெடுத்தார். கூரையைப் படம் போட்டார். சுவரின் கனத்தைக் கணக்கிட்டார்.

"நான் படிச்சவன் இல்லைங்க" என்று ஆரம்பித்தார் அந்த ஞாயிற்றுக்கிழமை. "ஆனா கூரையைப் பத்திக் கேட்டா சொல்லுவேன். அந்தக் காலத்து மொட்டைக் கூரை. உத்தரம் போட்டு, மேல குச்சி பரப்பி, களிமண்ணைக் கொட்டி உருட்டி இறுக்கினது. ஆளு படுத்தபடியே இறங்கணும்னா ஆறடி நீளம், ரெண்டரை அடி அகலம் வேணும். அது ஓட்டை இல்லைங்க, வாசல். கீழ எல்லார் தலையிலயும் மண்ணு கொட்டியிருக்கும். பிரசங்கத்துல கண்ணசந்தவன் அத்தனை பேரும் முழிச்சிருப்பான்."

சபை சிரித்தது. ஆயரும் சிரித்தார்; அவருக்குச் சிரிக்கக் காரணம் இருந்தது.

"அந்த நாலு பேரோட விசுவாசத்தைப் பத்தி எல்லாரும் பேசுறோம். பேச வேண்டியதுதான். படுத்திருந்தவனுக்கு முதல்ல பாவமன்னிப்பு கிடைச்சுது, அப்புறம் காலு கிடைச்சுது. அதையும் பேசுறோம். எனக்கு ஒரு சந்தேகம். அந்த வீட்டுக்காரரைப் பத்தி யாராவது பேசினோமா? குணமானவன் படுக்கையைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டான். நாலு பேரும் கூடவே போயிட்டாங்க. கூட்டம் கலைஞ்சுது. வீட்டுக்காரரு தலையைத் தூக்கிப் பாக்குறாரு. வானம் தெரியுது!"

மறுபடி சிரிப்பு. கொத்தனார் கையை உயர்த்தினார்.

"அவரு என்ன சொன்னாரு? சண்டை போட்டாரா? யாருடா இதை அடைச்சுத் தர்றதுன்னு கேட்டாரா? ஒரு வார்த்தை எழுதலையே. அடுத்தவன் எழுந்து நடக்கணும்னு தன் கூரையைப் பிரிக்க விட்டுட்டு, வாயைத் திறக்காம உக்காந்திருந்த மனுசன். அவரோட விசுவாசமும் அங்க இருந்த விசுவாசந்தான். ஒரு கொத்தனாரா நான் சொல்றேன், சுமக்கிறதைவிட அது கஷ்டம்."

நல்ல இடத்தில் முடித்துவிட்டோம் என்ற நிறைவோடு அவர் தாளை மடித்தபோது, பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. டிரைவரின் மனைவி.

"தம்பி, எனக்கு ஒண்ணு புரியல. அந்தப் படுக்கை ரெண்டரை அடி அகலமா?"

"ஆமாக்கா. ரெண்டரை அடி இல்லாம ஆளு படுக்க முடியாது."

"அதான் பாத்தேன்" என்றாள் அவள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "நம்ம சந்துல அது நுழையாது."

அதில் குத்தல் இல்லை. கேட்ட எல்லாருக்கும் அது தெரிந்தது. அந்தக் கதையை அவள் தன் சந்துக்குள் நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் நாற்பது பேரும் ஒரே சமயத்தில் தத்தம் செருப்பைப் பார்த்தார்கள். கொத்தனாரின் காது சூடாயிற்று.

பலகையார் சுண்ணக்கட்டியோடு தயாராக நின்றார். "என்ன எழுதட்டும் மேஸ்திரி?"

"எழுதுங்க" என்றார் கொத்தனார். "ஆலய வாசல்ல... சக்கர நாற்காலி ஏறுறதுக்குச் சாய்தளம் போட்டுத் தர்றேன்."

பலகையாரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அழகான எழுத்தில் எழுதியது.

நான்கே நாளில் சாய்தளம் தயாராகிவிட்டது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மழையில் சக்கரம் வழுக்காதபடி குறுக்கே கோடுகள். ஓரத்தில் இரண்டு அங்குலத் தடுப்பு. அடுத்த ஞாயிறு அவர் எழுந்து "செஞ்சாச்சு" என்றார். பலகையார் துணியை எடுத்து அழித்தார். டிரைவரின் மனைவி அவரிடம் வந்து, "நல்லா இருக்கு தம்பி, வழவழன்னு. இங்க வந்து சேந்துட்டா ஏறிடலாம்" என்றாள். நன்றியாகத்தான் சொன்னாள்.

மூன்று ஞாயிறு போயிற்று. சாய்தளத்தில் ஒரு சக்கரமும் ஏறவில்லை. பிள்ளைகள் அதில் மேலும் கீழும் ஓடினார்கள். ஒரு பூனை வெயில் காய்ந்தது.

"சாய்தளம் போட்டீங்க" என்றாள் மனைவி, மதியம் சோறு போடும்போது. "அதுல யாரு வரணும்னு போட்டீங்க? பூனையா?"

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல. நேத்து டிரைவரண்ணனைத் திருப்பிப் படுக்க வெக்கப் போனேன். முதுகுல ரெண்டு இடத்துல செவந்திருக்கு. இந்தப் புண்ணு வார்டுல எனக்குப் பழக்கம். உக்காந்து வெளிய போய்க் காத்து வாங்கினா ஆறும். இல்லைன்னா ஆறாது. அவ்வளவுதான் சொல்றேன்."

"என் இடத்துல நான் கட்டினேன்." எத்தனையோ நாளாகத் தயாராயிருந்த வாக்கியம் கடைசியில் வெளியே வந்துவிட்டது. "ஒரு நூல் தாண்டல. எவன் வேணும்னாலும் அளந்து பாக்கட்டும்."

"அளந்து பாக்கிறதுக்கு இந்தத் தெருவுலயே உங்களை விட்டா ஆளு ஏதுங்க?" என்று சொல்லிவிட்டு அவள் குழம்பை ஊற்றினாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் கொத்தனார் அளவுநாடாவோடு சந்துக்குள் நுழைந்தார். படியைத் தவிர வேறு எதையாவது மாற்றி வழி உண்டாக்க முடியுமா என்று பார்ப்பதுதான் அவர் எண்ணம். டிரைவர் வீட்டின் பின்சுவரைத் திறந்தால்? அதற்கு அப்பால் சாக்கடை. கிடங்கின் மதிலைக் கொஞ்சம் குடைந்தால்? அது தாங்குசுவர், தொட்டால் ஆபத்து. கடைசியில் டிரைவரின் வீட்டுக்குள் போய்க் குந்தி நாற்காலியை அளந்தார்: இருபத்தைந்து அங்குலம். கையால் உருட்டவும் தள்ளவும் முட்டி இடிக்காமல் இருக்க இரு புறமும் ஒன்றரை, ஆக இருபத்தெட்டு. படியருகே சந்தின் அகலம் இருபத்திரண்டு. குறிப்பேட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

டிரைவர் கட்டிலில் சாய்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்து வாய் இழுத்திருந்ததால் சொற்கள் மெதுவாக வந்தன; ஆனால் தெளிவாக வந்தன.

"என்ன மேஸ்திரி, நாற்காலியை அளக்குறீங்க, என்னை அளக்குறீங்க. பெட்டி செய்யிற உத்தேசமா?"

"சும்மா இருங்கண்ணே. வழி உண்டா பாக்குறேன்."

"இருங்க, இருங்க." டிரைவர் இடக்கையைத் தூக்கினார். தெருவில் ஒரு வண்டி நின்று புறப்பட்டது. "ஏழாம் நம்பர். நம்ம நெட்டையன் ஓட்டுறான். ரெண்டாவது கியரை எப்படிக் கதற விடுறான் பாருங்க. என்கிட்ட கத்துக்கிட்டவன்னு சொன்னா எனக்குத்தான் கேவலம்." பிறகு கொத்தனாரைப் பார்த்தார். "படியில கையை வெச்சுராதீங்க மேஸ்திரி. என் வீட்டுக்காரி அன்னைக்கு ஏதோ உளறினாளாம். மனசுல வெச்சுக்காதீங்க. அந்தச் சுத்து இருக்கே, அது உங்களால மட்டுந்தான் முடியும்."

"என் இடத்துலதான்ண்ணே கட்டினேன்..."

"அது கிடக்கு." டிரைவரின் பாதி முகம் சிரித்தது. "கீழ்ப்படி நாலு விரல் இந்தப் பக்கம் வந்திருக்கு. நீங்க பூசுற அன்னைக்கே பாத்தேன். இருபத்தாறு வருசம் ரெண்டு பக்கமும் கண்ணாடியைப் பாத்து ஓட்டினவன், எனக்கு இடம் தெரியாதா? சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க எட்ட நின்னு அந்தச் சுத்தைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. கையில கரண்டியில கலவை காயுது, அதுகூடத் தெரியாம. சரி, நாலு விரல்தானே, நமக்கு நடக்க இடம் இருக்கேன்னு விட்டுட்டேன்."

"ஏழு வருசம் ஆச்சேண்ணே."

"ஆமா. எனக்குக் காலு இருந்துச்சு."

கொத்தனார் எழுந்து வெளியே வந்தார். அன்று வேலைக்குப் போகவில்லை.

சந்தின் இரண்டு முனைகளிலும் எல்லைக்கல் உண்டு. தெருவை ஒட்டிய முனையில் இருந்த கல்லின்மேல் மண் ஏறியிருந்தது, தோண்டி எடுத்தார். ஒரு கல்லிலிருந்து மறு கல்லுக்கு நூலைக் கட்டி இழுத்தார். நூல் அவருடைய சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி ஒழுங்காக வந்து, கடைசிப் படியின் விளிம்பில் முட்டி வளைந்தது. குனிந்து கையை வைத்துப் பார்த்தார். சரியாக நாலு விரல், மூன்று அங்குலம்.

அந்தப் பிற்பகல் அவருக்கு நினைவு வந்தது. அளந்து போட்ட வளைவில் கடைசிப் படி நெருக்குண்டு நின்றது, பார்க்கப் பிடிக்கவில்லை. குறித்த கோட்டை அழித்துவிட்டு, கண்ணளவில் இன்னொரு கோடு போட்டார். வளைவு சிறகு விரித்தது. அந்தச் சந்தோஷத்தில் நூலைக் கட்டி மறுபடி பார்க்கவில்லை. ஊரில் உள்ள மேசை நாற்காலியெல்லாம் சோதித்தவர், சொந்தப் படியில் மட்டத்தைப் பார்த்தாரே ஒழிய எல்லையைப் பார்க்கவில்லை. இப்போதும் பையிலிருந்த கருவியை எடுத்து அந்தப் படியின்மேல் வைத்தார். குமிழி அசையாமல் நடுவில் நின்றது. அது பொய் சொல்லவில்லை. மட்டம் சரியா என்றுதான் அதைக் கேட்டிருந்தார். யாருடைய இடம் என்று கேட்கவில்லை.

அந்த வீட்டுக்காரரை அவர் சபையில் எவ்வளவு அழகாக வருணித்தார்! இன்னொருவனுக்காகத் தன் இடத்தை இழந்துவிட்டு வாய் திறவாமல் இருந்த மனிதர் என்று. அந்த மனிதர் கொத்தனாரின் பின்வீட்டில் ஏழு ஆண்டுகளாகக் குடியிருந்திருக்கிறார். அவருடைய வழியைப் பிடித்துக்கொண்ட இவர், அவர் வர முடியாத ஆலயத்துக்குச் சாய்தளம் கட்டிப் பாராட்டு வாங்கியிருக்கிறார்.

படியிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். அவருக்குத் தெரிந்த ஜெபம் அந்த நேரத்தில் அது ஒன்றுதான். ஆக்கிரமித்த மூன்று அங்குலத்தைக் கொடுத்துவிட்டால் சந்து இருபத்தைந்து அங்குலம் ஆகும். நியாயம் அங்கே முடிந்துவிடும். யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. நாற்காலியின் அகலமும் இருபத்தைந்து. நியாயமான அந்த வழியில் நாற்காலி மதிலுக்கும் படிக்கும் நடுவே இறுகி நிற்கும். வேண்டியது இருபத்தெட்டு. மிச்சம் மூன்று அங்குலம் அவருடைய சொந்த இடத்திலிருந்து வர வேண்டும். அந்த மூன்றையும் எடுத்தால் வளைவு நிற்காது. கீழிருந்து ஒன்பது படி போக வேண்டும். ஒன்பது போனால் மேலே உள்ள ஐந்துக்குத் தாங்குதல் இல்லை. முழுப் படிக்கட்டும் போய்விடும்.

மாலையில் மனைவி வேலை முடிந்து வந்தபோது நூல் இன்னும் கட்டியபடி இருந்தது. அவள் நூலைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். முதல் தடவையாக அவளுக்குக் கேலி வரவில்லை.

"எவ்வளவுங்க?"

"நாலு விரல். அவருக்கு ஏழு வருசமாத் தெரியும்."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாலு விரலைச் செதுக்கிட்டா?"

"செதுக்கினா என் தப்பு சரியாயிடும். அவரு வெளிய வர மாட்டாரு."

அண்ணாந்து மாடியைப் பார்த்தாள். பிறகு அவள், "மாடிக்கு எப்படிப் போறது?" என்றாள்.

"புதுசா முன்பக்கம் நேர்ப்படி ஒண்ணு வெக்கணும். என் சாமான் அறையை எடுத்துட்டா இடம் வரும். அதுவரைக்கும் ஏணி."

"ஏணியா? நான் என்ன அணிலா?" என்று கேட்டவள், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், எழுந்த பிறகும் கையை எடுக்கவில்லை. "துணி காயப்போடுறது இனிமே உங்க வேலை. சொல்லிட்டேன்."

மறுநாள் காலை உளியும் சம்மட்டியும் சந்தில் ஒலித்தன. அவரே கட்டியது, எங்கே அடித்தால் விடும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் லேசில் விடவில்லை. அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார். முதல் அடி விழுந்ததுமே சந்தின் கோடியிலிருந்து டிரைவரின் குரல் வந்தது. "மேஸ்திரி! வேண்டாம்னு சொன்னேன்ல? யாரைக் கேட்டு உடைக்கிறீங்க?"

"என் படியை நான் உடைக்கிறேன். உங்களுக்கென்ன?" என்று இவரும் கத்தினார்.

"ஐயோ, அந்தச் சுத்து..." குரல் தழுதழுத்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு உள்ளிருந்து சத்தம் இல்லை. ஒவ்வோர் அடிக்கும் நடுவில் கொத்தனார் அந்த மௌனத்தைக் கேட்டார்.

இரண்டாம் நாள் பலகையார் வந்து இடிபாட்டைச் சுற்றிப் பார்த்தார். "மேஸ்திரி, இதைப் பலகையில எழுதலையே?"

"எழுத வேண்டாங்க."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"பலகையில எழுதினது சாய்தளம். நான் வசதியாச் செய்யக்கூடியதைப் பாத்து எழுதினேன்." கொத்தனார் முகத்துச் சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டார். "இது எழுதிட்டுச் செய்யிற காரியம் இல்லைங்க. அந்த மனுசன் என்கிட்ட ஒண்ணும் கேக்காமலே முதல்ல என்னை மன்னிச்சுட்டாரு. நான் எழுந்து நடக்க வேண்டியதுதான் பாக்கி."

பலகையார் சட்டையைக் கழற்றி மடித்து மதில்மேல் வைத்துவிட்டு, ஒரு கூடையை எடுத்துக் கல் சுமக்க ஆரம்பித்தார். மாலைக்குள் அந்தப் பழைய தையற்காரரும் வந்து சேர்ந்தார். ஆயர் வந்தார், அவருக்குக் கூடை தூக்கத் தெரியாது, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சனிக்கிழமை காலை. சந்து துடைத்தாற்போல் இருந்தது. கொத்தனாரின் மனைவி வார்டில் செய்வது போலவே டிரைவரின் கக்கத்தில் கை கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி நாற்காலியில் உட்கார வைத்தாள். டிரைவரின் மனைவி பின்னால் நின்று தள்ளினாள். வேறு யாரும் பிடிக்கக்கூடாது என்று டிரைவர் சொல்லிவிட்டார்.

குறுகலாயிருந்த இடம் வந்தது. டிரைவர் இரு புறமும் திரும்பிப் பார்த்தார். "இடதுல ஒண்ணரை. வலதுல ஒண்ணரை. போ போ, ரைட்" என்றார். சக்கரம் நிற்காமல் உருண்டது. முன்பு படி விரிந்து நின்ற இடத்தைத் தாண்டும்போது மட்டும் இடக்கையை நீட்டி, உடைந்த சுவரின் புண்ணைத் தொட்டுக்கொண்டே போனார். சந்தின் வாயோரம் கொத்தனார் நின்றார். டிரைவர் அவருடைய முழங்கையைப் பிடித்து அழுத்தினார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

தெருமுனையில் ஏழாம் எண் வண்டி நின்றது. டிரைவரைக் கண்ட நெட்டையன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடி வந்தார். உள்ளே இருந்தவர்கள் சன்னலில் முண்டினார்கள். சிலர் அவரை அடையாளம் கண்டு கையசைத்தார்கள். "அண்ணே! எப்படி இருக்கீங்க?" என்று நெட்டையன் குனிந்தார்.

"நான் நல்லா இருக்கேன். உன் ரெண்டாவது கியர்தான் நல்லா இல்லை. நேரம் ஆகுது, போ. ஆளுங்க காத்திருக்காங்க."

வண்டி புறப்பட்டது. இந்தமுறை கியர் சத்தமில்லாமல் விழுந்தது. டிரைவர் அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார். பிறகு அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார். அதுவும் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் உள்ளே போகவில்லை.

அடுத்த நாள் ஆலயத்துச் சாய்தளத்தில் முதல் சக்கரம் ஏறியது. கொத்தனார் அதைப் பார்க்காதவர் போல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். பாடல் தொடங்கியதும், ஒரு பக்கத்து வாயால் பாடும் அந்தப் பெருங்குரல் பின்னாலிருந்து வந்தது. சுருதி சற்றே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சபை வாயசைத்துக்கொண்டு கேட்டது.

இப்போது அந்த வீட்டின் முன்னால் பதினான்கு படிகள் கொண்ட நேரான ஒரு படிக்கட்டு இருக்கிறது. எந்த வீட்டிலும் இருப்பது போன்ற படிக்கட்டுதான். சுழற்படியைப் பற்றிக் கேள்விப்பட்டு யாராவது தேடி வந்தால், கொத்தனாரின் மனைவி அவர்களைச் சந்தின் பக்கம் கூட்டிக்கொண்டு போய், "இங்கதாங்க இருந்துச்சு" என்று காட்டுகிறாள். வந்தவர்கள் வெறும் சந்தைப் பார்த்து விழிப்பார்கள். சில நாள் அவர்கள் விழித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து ஒரு நாற்காலி உருண்டு வரும். அவர்கள் தெருவுக்குத் திரும்பி வந்து வழிவிட வேண்டியிருக்கும்.